சைனஸுக்குப் போய் கண் போனது: வழக்குப் போடலாமா?

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுநர். சளி, காய்ச்சல், தலைவலி என்று தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சைனஸ் என்றார்கள். மறுநாளே இடது கண் வீங்கிப் பிதுங்கியது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். மூன்று நாள் ஊசி மட்டும்தான் போட்டார்கள். வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சீழை எடுத்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. ஒன்றரை வருடம் ஆகிறது. கேஸ் ஷீட் கேட்டால், "கையெழுத்துப் போட்டுத்தானே சேர்த்தீர்கள்" என்று விரட்டுகிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். முதலில் நாள்காட்டியைப் பாருங்கள் அம்மா. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட வழி உண்டுதான், அதை நம்பி உட்காராதீர்கள்.

கண் போனது என்பதாலேயே மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்று ஆகிவிடாது. மூக்கை ஒட்டிய சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவே காகிதம் போல மெல்லிய எலும்புதான் இருக்கிறது. கிருமி அதைத் தாண்டினால், சரியான சிகிச்சை கிடைத்தவர்களுக்கும் சில சமயம் பார்வை போவதுண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் எடுப்பார். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல், சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்பது. ஆகவே உங்கள் வழக்கு அந்த மூன்று நாளில்தான் இருக்கிறது. கண் பிதுங்கிய பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தார்களா? கண் மருத்துவரைக் கூப்பிட்டார்களா? இரண்டாகத் தெரிகிறது என்று அவர் சொன்னதை நர்ஸ் எத்தனை மணிக்கு எழுதி வைத்தார்?

அதற்குத்தான் கேஸ் ஷீட். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. வாயால் கேட்காதீர்கள், ஒப்புகையுடன் தபாலில் கேளுங்கள். மறுத்தால் அதுவும் நமக்கு ஒரு சாட்சியம். நீங்கள் போட்ட கையெழுத்து சிகிச்சைக்குச் சம்மதம், அலட்சியத்துக்கு அல்ல.

அப்புறம், சீழை எடுத்த மருத்துவரிடம், முன்பே எடுத்திருந்தால் பார்வை தப்பியிருக்குமா என்று எழுத்தில் கருத்துக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குவார்கள். கிடைக்காவிட்டால், ஆவணங்களை வேறு நிபுணரிடம் அனுப்பிக் கருத்துப் பெறும்படி, புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்திடமே மனுச் செய்யலாம்.

புகாரை உங்கள் ஊருக்கான மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய பணத்தை வைத்துத்தான் எந்த ஆணையம் என்பது முடிவாகும். அது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. பில்களைத் தொலைத்துவிடாதீர்கள். போலீஸுக்குப் போகலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அங்கே நிரூபிக்க வேண்டிய அலட்சியம் இன்னும் கொடியது, நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

மாற்றுத்திறன் சான்றிதழையும் வாங்குங்கள். இன்னொரு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம் என்றுதான் போடுவார்கள். மனம் விட வேண்டாம். லாரி ஓட்டுபவருக்கு ஒரு கண் போனால் போவது 30 சதவீத வருமானம் அல்ல. பழைய சம்பள ரசீது, உரிமம், முதலாளியின் கடிதம் எல்லாவற்றையும் புகாரோடு இணைத்து அந்த இழப்பைத் தனியாகக் கணக்குப் போட்டுக் கேளுங்கள்.