நோட்டின் பின்பக்கம் எழுதிய வரவு

கேள்வி: பக்கத்துத் தெருக்காரருக்கு 2022 ஜூன் 12 அன்று புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு 2 லட்சம் ரூபாய் கொடுத்தேன். 2024 பிப்ரவரி 5 அன்று 20,000 ரூபாய் கொடுத்தார். நோட்டின் பின்பக்கம் நான் வரவு எழுத, அவர் கையெழுத்துப் போட்டார். 2025 செப்டம்பரில் 5,000 கொடுத்தார். அதை எங்கும் எழுதவில்லை. இப்போது கேட்டால், “மூணு வருஷம் தாண்டிடுச்சு, நோட்டு காலாவதி” என்கிறார். பணம் போனது போனதுதானா?

பதில்: போகவில்லை அம்மா. பின்பக்கம் அவர் போட்ட கையெழுத்து உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

காலாவதி என்றால் கடனே அழிந்துபோனது என்று பலர் நினைக்கிறார்கள். கடன் அப்படியேதான் இருக்கும். கோர்ட்டுக்குப் போய் வசூலிக்கும் வழிதான் அடைபடும். ‘கேட்கும்போது தருகிறேன்’ என்று எழுதிய நோட்டுக்கு மூன்று வருஷக் கெடு. நீங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளை வைத்து அதை எண்ணுவதில்லை, நோட்டின் தேதியிலிருந்தே எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் 2025 ஜூன் 12 அன்று கெடு முடிந்தது. அவர் சொல்வது இதைத்தான்.

ஆனால் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 19ஆவது பிரிவை அவர் விட்டுவிட்டார். கெடுவுக்குள் கடன்காரர் ஒரு பகுதியைக் கட்டி, அதை அவரே கைப்பட எழுதியிருந்தாலோ, எழுதியதன் கீழ் ஒப்பமிட்டிருந்தாலோ, கட்டிய நாளிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்கும். வரவை எழுதியது நீங்களாக இருந்தாலும், கீழே அவர் ஒப்பம் இருப்பது போதும். ஆக, 2027 பிப்ரவரி 5 வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஒப்பம் வாங்காமல் தாங்களே வரவு எழுதி வைத்துக்கொண்டு பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

செப்டம்பரில் வந்த 5,000 கெடுவை நீட்டாது. ஆனாலும் வாங்கியதை மறைக்காமல் கணக்கில் கழித்துவிடுங்கள். அதை இப்போது நோட்டில் எழுதிச் சேர்க்க மட்டும் வேண்டாம், ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். நோட்டைத் திருத்தியதாகக் கோர்ட் முடிவு செய்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 87ஆவது பிரிவின்படி அது செல்லாமலே போகக்கூடும்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். நோட்டீஸால் கெடு ஒரு நாளும் நீளாது. 2027 பிப்ரவரி 5ஆம் தேதிக்குள் வழக்கே தாக்கலாகியிருக்க வேண்டும்.

சரி, அவர் இறங்கி வந்து புது நோட்டு எழுதித் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். புதியது கைக்கு வரும்வரை பழையதைக் கொடுத்துவிடாதீர்கள்.