பெயரை விடுங்கள், வினையைப் பிடியுங்கள்

கேள்வி: ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் வைஃபைக்குத் தங்கள் மொழியிலேயே பெயர் வைத்திருக்கிறார்களாமே! நமக்கு 'அருகலை' என்ற அழகான சொல் இருந்தும், வைஃபையை ஆன் பண்ணு, கனெக்ட் பண்ணு என்றுதானே வீட்டில் பேசுகிறோம். தமிழருக்கு மட்டும் ஏன் இந்தத் தாழ்வு மனப்பான்மை?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மானியர் சொல்வது 'வேலான்'. கேட்க ஜெர்மன் போல இருக்கும். ஆனால் அது 'வயர்லெஸ் லோக்கல் ஏரியா நெட்வொர்க்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான். பிரெஞ்சுக்காரர் வைஃபையையே 'வீஃபீ' என்கிறார்கள். ஸ்பெயினிலும் கிட்டத்தட்ட அப்படித்தான்; அதே ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்காவில் 'வைஃபை'. ஸ்பானிய மொழிக்கான அரச அகாடமி தன் அகராதியிலேயே இந்தச் சொல்லைச் சேர்த்து, ஆண்பாலாகவும் சொல்லலாம், பெண்பாலாகவும் சொல்லலாம் என்று விட்டுவிட்டது. சீனாவில் விற்கும் பல போன்களின் மெனுவில், ஜெர்மானியர் வேலான் என்று படிக்கும் அதே ஆங்கிலச் சுருக்கம், 'டபிள்யூலேன்' என்று இருக்கும். மக்கள் வாயில் வருவது வைஃபைதான்.

இன்னொன்று. வைஃபை என்பது 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி'யின் சுருக்கம் என்று நினைத்து அதை மொழிபெயர்க்கப் பாடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பியில்லா இணைப்புக்கான 802.11பி என்ற வாயில் நுழையாத தரநிலைக்கு ஒரு விற்பனைப் பெயர் வேண்டும் என்று 1999இல் இன்டர்பிராண்ட் என்ற நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கிய பெயர் அது. தரமான ஒலிக்கருவிகளைக் குறிக்கும் ஹைஃபையோடு ஒலி ஒத்துப்போகட்டும் என்று வைத்தார்கள். 'ஃபிடெலிட்டி' விளம்பர வாசகமாகப் பிறகு ஒட்டிக்கொண்டது. பொருளே இல்லாத பெயரை எப்படி மொழிபெயர்ப்பது? அருகலை மொழிபெயர்ப்பல்ல, புதிதாக ஆக்கிய சொல். நல்ல சொல்தான். சொல்ல விரும்புகிறவர்கள் தாராளமாகச் சொல்லட்டும்.

ஆனால் உங்கள் கேள்வியை நீங்களே திரும்பப் படியுங்கள். ஆன் பண்ணு, கனெக்ட் பண்ணு. எனக்கு வலிப்பது அங்கேதான். ஜெர்மானியர் வேலானை இரவல் வாங்கினாலும், அதைப் போடுவதற்கும் அணைப்பதற்கும் தங்கள் சொந்த வினைகளைத்தான் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சும் ஸ்பானியமும் அப்படியே. நம் பாட்டிமார் லைட்டைப் போடு, ஃபேனை நிறுத்து என்றார்கள். பெயர் ஆங்கிலம், வினை தமிழ். வாக்கியம் முழுக்கத் தமிழாக நின்றது. இன்று லைட்டையும் 'ஆன் பண்ணு' என்கிறோம். போடு, அணை, இணை, துண்டி, சேர் என்று இத்தனை இருந்தும் 'பண்ணு' ஒன்றை வைத்தே காலம் தள்ளுகிறோம். வாட்ஸ்அப்பில் சுற்றும் கலைச்சொல் பட்டியல்களைப் பாருங்கள்: புலனம் (வாட்ஸ்அப்), ஊடலை (புளூடூத்), பகிரலை (ஹாட்ஸ்பாட்), எல்லாம் பெயர்ச்சொற்கள். வினைக்கு யாரும் பட்டியல் போடுவதில்லை.

பெயர்ச்சொல் வந்தால் மொழி அதற்கு வேற்றுமை உருபு போட்டுத் தனதாக்கிக்கொள்ளும். வைஃபையில், வைஃபைக்கு, வைஃபையோடு என்று நாமும் செய்துவிட்டோம். வினை போனால் அப்படியல்ல. சின்னக் குழந்தைகள் 'அணை' என்ற சொல்லைக் கேட்காமலே வளர்கிறார்கள்.

சரி, நம் இதழில் என்ன செய்வது? வைஃபை என்றே எழுதுவோம். அருகலை என்று எழுதி அனுப்புகிறவர்களின் கட்டுரையில் அதை மாற்ற மாட்டோம். 'கனெக்ட் செய்து' என்று வந்தால் மட்டும், யார் எழுதியிருந்தாலும் சரி, 'இணைத்து' என்று திருத்திவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவோம்.