இன்டர்ன்ஷிப் நேர்காணலில் நான் ஊமையான கதை

கேள்வி: மென்பொருள் நிறுவனங்களின் இன்டர்ன்ஷிப் நேர்காணல் உங்களுக்கு எப்படி இருந்தது? நான் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. லீட்கோட் என்ற நிரல் பயிற்சித் தளத்தில் 200 கணக்குகள் போட்டுவிட்டேன். இன்னும் எத்தனை போட வேண்டும்?

பதில்: நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழிதான். பிறகு கோவைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. நான்கு நிறுவனங்களை முயன்று பார்த்தேன், மூன்றில் தோற்றேன். எத்தனை கணக்கு என்று கேட்டால் என்னிடம் எண் இல்லை. முந்நூற்றுச் சொச்சம் போட்டிருந்தபோதுதான் தோற்றேன். அதே முந்நூற்றுச் சொச்சத்தோடுதான் கடைசியில் தேர்வும் ஆனேன்.

முதல் நிறுவனத்தில் நேர்காணல் வரைக்கும் போகவே இல்லை. இணையவழித் தேர்வு, 90 நிமிடம், இரண்டு கணக்கு. விடுதியின் வைஃபையை நம்பாமல் அறைத்தோழனின் மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டு உட்கார்ந்தேன். கடை ஒன்றின் தினசரி லாப நட்டம் கொடுத்து, எந்தத் தொடர் நாட்களில் மொத்த லாபம் மிக அதிகம் என்று கேட்டிருந்தார்கள். வேஷத்தைக் கலைத்துப் பார்த்தால் கடானே முறையில் (ஓடும் கூட்டுத்தொகை எதிர்மத்துக்குப் போனால் அதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது) பத்தே வரியில் முடிகிற கணக்கு. எழுதினேன். 15 சோதனைகளில் 11 தேறின, மீதி நான்கு சிவப்பு. அந்த நான்கிலும் என்ன உள்ளீடு என்று காட்ட மாட்டார்கள். அரை மணி நேரம் நிரலைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். தர்க்கத்தில் பிழையே இல்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. சி++ மொழியில் முழு எண்ணுக்கான 'இன்ட்' வகைக்குள் அடங்கும் மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கேள்வியில் உறுப்புகள் ஒரு லட்சம் வரை, ஒவ்வொன்றும் 100 கோடி வரை. கூட்டினால் ஒரு கோடி கோடியைத் தொடும். என் கூட்டுத்தொகை பாத்திரம் நிரம்பி வழிந்து எதிர்ம எண்ணாகத் திரும்பி வந்திருக்கிறது. இன்னும் பெரிய எண்ணைத் தாங்கும் 'லாங் லாங்' வகையை எழுதியிருந்தால் முடிந்தது. கேள்வியின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் வரம்புகளைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று அன்றைக்கு உறைத்தது. அளவு ஒரு லட்சம் என்றால், எல்லா ஜோடிகளையும் ஒப்பிடும் வழி ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகளைக் கேட்கும், எனவே அது தேறாது என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது. விடையில் பாதியை அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது நிறுவனத்தில் நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். காணொளி வழி நேர்காணல். எதிரே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், நல்ல மனிதர். ஒரு சொல்லில் எந்த எழுத்தும் மறுபடி வராத மிக நீளமான துண்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார். கேட்டதுமே எனக்கு வழி தெரிந்துவிட்டது. தலைக்குள் அது தமிழில் ஓடியது. இடது விரலை முதல் எழுத்தில் வை, வலது விரலை ஒவ்வொன்றாக நகர்த்து, பார்த்த எழுத்தே மறுபடி வந்தால் அது போகிற வரைக்கும் இடது விரலை இழு. விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் வாய் திறக்கவில்லை. இதை ஆங்கிலத்தில் எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வாக்கியம் கட்டுவேன், இலக்கணம் இடிக்கும், கலைப்பேன், இன்னொன்று கட்டுவேன். எத்தனை நிமிடம் போனதோ தெரியாது.

"குரல் கேட்கிறதா? இணைப்பு அறுந்துவிட்டதா?" என்று கேட்டார்.

அசையாமல் உட்கார்ந்திருந்ததில் திரை உறைந்துவிட்டதாக நினைத்திருக்கிறார். "இருக்கிறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மொத்த நிரலையும் பேசாமலேயே தட்டச்சு செய்தேன். ஓட்டிக் காட்டினேன், சரியான விடை வந்தது. தேர்வாகவில்லை. பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் காரணம் கேட்டதற்கு, கருத்துப் பரிமாற்றம் போதவில்லை என்று ஒரே வரி.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. விடை சரி, பிறகு என்ன? ஆங்கிலம் சரளமாக வராதவனுக்கு வேலை இல்லை என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஒரு மாதம் கணக்கை மூடி வைத்துவிட்டு ஆங்கில இலக்கணப் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்தேன். அந்த மாதம் முழுக்க வீண். எங்கள் ஊர்க்கார அக்கா ஒருவர் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறார், அவரும் நேர்காணல் எடுப்பவர். ஊருக்கு வந்திருந்தபோது அவரிடம் புலம்பினேன். "உன் இலக்கணத்தை யாரும் திருத்திக்கொண்டு உட்காரவில்லை தம்பி. நீ பேசினால்தான் எங்கே தடுக்கிறது என்று தெரியும், தெரிந்தால்தான் ஒரு குறிப்புக் கொடுக்க முடியும். பேசாமல் இருப்பவனுக்கு எதைக் கொடுப்பது?" என்றார். குறிப்புக் கொடுப்பார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பரீட்சைக் கூடத்துப் பழக்கம். மேற்பார்வையாளர் உதவுவார் என்று யார் நினைப்பார்கள்?

என் அறைத்தோழன் மெக்கானிக்கல். நிரல் எழுதுவதில் ஆர்வம் சுத்தமாகக் கிடையாது. அவனைத்தான் பிடித்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு கணக்கை அவனுக்கு உரக்கச் சொல்ல வேண்டும், இருபது விநாடிக்கு மேல் நான் மௌனமானால் அவன் கட்டிலைத் தட்ட வேண்டும். முதலில் தமிழில் சொல்வேன், உடனே அதையே ஆங்கிலத்தில். காட்டிப் பேச கேரம் காய்கள். வரிசையாக அடுக்கினால் லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு கண்ணியும் அடுத்தது எங்கே என்று காட்டும் சங்கிலி), சிவப்புக் காய் சுட்டி, அதாவது இப்போது நிற்கும் இடத்தைக் காட்டுவது. முதல் வாரம் கட்டில் உடைந்துவிடும் என்று பயந்தேன்.

மூன்றாம் வாரம்தான் ஒன்று புரிந்தது. இந்த வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் மிகக் கொஞ்சம். சிறிய எடுத்துக்காட்டு ஒன்றை வைத்துப் பார்க்கிறேன்; நேரடியான வழி இது, ஆனால் மெதுவானது; இங்கே ஒரே வேலையை மறுபடி மறுபடி செய்கிறேன்; இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது; பட்டியல் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கிறேன். இப்படி இருபது வாக்கியம் இருக்கும், அவ்வளவுதான். இவை நாக்கில் படிந்துவிட்டால் நடுவில் யோசிக்க நேரமும் கிடைக்கிறது.

மூன்றாவது தோல்விக்கு மொழியைக் குறை சொல்ல முடியாது. சுயவிவரத்தில் ஒரு புராஜெக்ட் போட்டிருந்தேன்: கிரெடிட் கார்டு மோசடியைக் கண்டுபிடிக்கும் மெஷின் லேர்னிங் மாடல், துல்லியம் 99.8 சதவீதம். காகிள் என்ற தரவுத் தளத்தில் எல்லோரும் எடுக்கும் அதே தரவு. மூன்று பேர் குழு. உண்மையில் வேலை செய்தவன் ஒருவன், அது நான் இல்லை. நேர்காணல் செய்தவர் அந்த வரியில் பேனாவை வைத்து, "இதில் மோசடி எத்தனை?" என்று கேட்டார். தெரியாது. "எதைக் கொடுத்தாலும் 'மோசடி இல்லை' என்று சொல்கிற ஒரே ஒரு வரி நிரல் எழுதினால் அதன் துல்லியம் என்ன வரும்?" என்று அடுத்து கேட்டார். விழித்தேன். விடுதிக்கு வந்து பார்த்தேன். மொத்தம் 2,84,807 பரிவர்த்தனைகள், மோசடி 492. அந்த ஒரு வரி நிரலுக்கு 99.83 சதவீதம் வருகிறது. நான் பெருமையாக அச்சடித்து எடுத்துப் போன மாடல் அதைவிட மோசம்! இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. புராஜெக்டை நீக்கிவிட்டு, எங்கள் விடுதி மெஸ்ஸின் பில்லைப் பிரித்துக் கணக்கிட நானே எழுதிய சின்ன நிரலைப் போட்டேன். பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் பதில் சொல்வேன்.

நான்காவது, கல்லூரிக்கே வந்த ஒரு நிறுவனம். செமினார் ஹாலில் காலை எட்டரைக்கு உட்கார்ந்து, என் பெயரைக் கூப்பிடும்போது மாலை நான்கு. இரவல் ஷூ கடித்ததில் நடையே மாறியிருந்தது. உள்ளே ஒரு மேடம், மேசையில் வெள்ளைத்தாள். லிங்க்டு லிஸ்டில் சுழற்சி (கடைசிக் கண்ணி முன்னால் உள்ள ஒன்றையே காட்டிச் சுற்றுவது) இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். இதை ஏற்கெனவே போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தெரியாததுபோல நடிக்கச் சொல்லி அறிவுரை தரும் காணொளிகள் நிறைய இருக்கின்றன, தயவுசெய்து நம்பாதீர்கள். எதிரே இருப்பவர் நாளுக்குப் பத்துப் பேரைப் பார்க்கிறவர். ஆமையும் முயலும் ஓடும் முறையைச் சொன்னேன்: ஒரு சுட்டி மெதுவாக, இன்னொன்று இரு மடங்கு வேகமாக, சுழற்சி இருந்தால் இரண்டும் சந்தித்துவிடும். "சரி, அந்தச் சுழற்சி எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது?" என்றார். அது தெரியாது.

தெரியாது என்பதையும் உரக்கத்தான் சொன்னேன். ஏழு வட்டம் வரைந்து, ஆமையை ஒவ்வொரு கட்டமாகவும் முயலை இரண்டிரண்டாகவும் நகர்த்தி, அவை சந்திக்கும் இடத்தைக் குறித்தேன். சுழற்சியின் நீளத்தை ஒன்று குறைத்து எண்ணிவிட்டு அதன் மேலேயே கட்டிக்கொண்டு போனேன். "இன்னொரு தடவை எண்ணுங்கள்" என்றார். திருத்தினேன். சந்திக்கும்போது ஆமை நடந்த தூரம் சுழற்சியின் நீளத்தில் சரியாக வகுபடுகிறது என்பது அப்போது கண்ணில் பட்டது. அப்படியானால் ஆமையைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், முயலைச் சந்தித்த இடத்திலேயே விட்டு, இரண்டையும் ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினால் சுழற்சியின் வாசலில் மறுபடி சந்திக்கும். முழு நிரூபணத்தைச் சொல்ல வரவில்லை. நடுவில் என்னை அறியாமல் தமிழுக்குப் போய்விட்டேன், சுதாரித்துத் திரும்பினேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

மனிதவள அதிகாரியுடனான சுற்று பத்து நிமிடம், எழுத அதில் ஒன்றுமில்லை. மறுநாள் பட்டியலில் பெயர் இருந்தது. இரண்டு மாத இன்டர்ன்ஷிப், ஊக்கத்தொகை உண்டு.

உங்கள் 200 போதும் என்றே நினைக்கிறேன். புதிதாக நூறு தேடுவதற்குப் பதில், போட்ட இருநூறில் முப்பதை எடுத்து யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆள் கிடைக்காவிட்டால் மொபைலில் பதிவு செய்து கேளுங்கள். கேட்கச் சகிக்காது, ஆனாலும் கேளுங்கள்.

என் அறைத்தோழனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் துறையினரையும் எடுக்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் நேர்காணலில் அவனிடம் ஒரு சொல்லில் திரும்ப வரும் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு விரலையும் மேசையில் வைத்து நகர்த்திக் காட்டியிருக்கிறான். நிரல் ஒரு வரிகூட எழுதவில்லையாம். எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைப்பதற்கு நான்கு நாள் முன்பே அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. பார்ட்டி செலவு மட்டும் என் தலையில்.