ஊட்டிக் குளிர்ல கினி பிக்: கூண்டுக்குள்ள பல்பு வேண்டாம்

ஊட்டியில பால்கனியில கம்பிக் கூண்டு, ராத்திரி ரெண்டு கினி பிக்கும் மூலையில ஒண்டிக்கிட்டு நடுங்குது, 60 வாட் பல்பு மாட்டலாமான்னு கேட்டிருக்கீங்க.

பல்பு வேண்டாங்க. வயரைக் கடிச்சுடும், புல்லுல பட்டா தீப்பிடிக்கும். முதல்ல கூண்டை வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. 18லிருந்து 24 டிகிரிதான் அதுங்களுக்குத் தோது. ஜனவரி ராத்திரி உங்க ஊர்ல 5 டிகிரிக்கும் கீழ போகுமே! கதவிடுக்குக் காத்து படாத மூலையா பாத்து, தரையில வைக்காம ஸ்டூல் மேல வைங்க.

ஒரு அட்டைப்பெட்டியைக் கவுத்து, வாசல் வெட்டி, காய்ஞ்ச புல்லை நிறைய அடைச்சு விடுங்க. குடைஞ்சு உள்ள போய்ப் படுத்துக்கும், பசிச்சா அதையே தின்னும். வெறும் குளிரை விட ஈரம் சேர்ந்தா இன்னும் மோசம். புல்லுக்கு அடியில கையை விட்டுப் பாருங்க, சொதசொதன்னு இருந்தா அப்பவே மாத்திடணும். மேல போர்வை போட்டா ஒரு பக்கம் திறந்திருக்கட்டும், இல்லேன்னா மூத்திர நெடி நுரையீரலைக் கெடுக்கும். ரொம்பக் குளிர்ற அன்னிக்கு வெந்நீர் பாட்டிலைத் துண்டுல சுத்தி ஓரமா வைங்க. சூடு தாங்கலேன்னா தள்ளிப் போக இடம் வேணும்.

வைட்டமின் சிக்கு தினமும் ஒரு துண்டு குடைமிளகாய். மூக்கு ஒழுகினாலோ, தீனியைத் தொடலேன்னாலோ அன்னிக்கே கால்நடை மருத்துவர்கிட்ட போயிடுங்க. வீட்ல கிடக்கிற அமாக்சிசிலின்ங்கிற ஆன்டிபயாடிக் மருந்தை மட்டும் கொடுத்துடாதீங்க, உயிருக்கே ஆபத்து.