ஜிகாம்ப்ரியைக் குழந்தைக்கு ஏற்ப மாற்றுவது எப்படி?

ஆட்டிசம் உள்ள மகன், டேப்லெட்டில் ஜிகாம்ப்ரி (GCompris) என்ற குழந்தைகளுக்கான கல்வி மென்பொருளின் எண்ணும் விளையாட்டைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அமைப்புகளில் பின்னணி இசையையும் ஒலி விளைவுகளையும் அணைத்துவிடுங்கள். கடினத்தைக் குறிக்கும் நட்சத்திர வடிகட்டியும் அங்கேயே இருக்கிறது. 1 நட்சத்திரத்தில் தொடங்குங்கள். வயதுக் கணக்கைப் பார்க்காதீர்கள்.

திரைக்கு முன்பே மேசையில் புளியங்கொட்டைகளை எண்ணவையுங்கள் (வாயில் போடும் பழக்கம் இருந்தால் பெரிய மரக்கட்டைகள்). ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்த்தும்போதுதான் ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பது பிடிபடும். பிறகு அதே எண்ணிக்கையைத் திரையில் தேடட்டும். என்னைக் கேட்டால், மென்பொருள் இங்கே பயிற்சி ஏடுதான், ஆசிரியர் அல்ல.

ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் செயலியைத் திரையில் பொருத்திவைக்கும் வசதியை இயக்குங்கள். தவறிப்போய் வேறு செயலிக்குத் தாவமாட்டான். அவன் சலித்துக்கொள்ளும் முன்பே நிறுத்திவிடுங்கள்.