நிலத்தை விற்று டாக்டராக்க வேண்டாம்

உசிலம்பட்டியிலிருந்து மகளோடு வந்துபோன அண்ணனுக்கு,

நீட் மார்க் போனால் போகட்டும் என்று நேரில் ஆறுதல் சொன்னேன். அது போதும். இரண்டு ஏக்கரை விற்று வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்க வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மச்சினர் சொல்கிறார், சரி. படித்துத் திரும்பினால் இங்கே இன்னொரு தேர்வு எழுதித் தேறினால்தான் ஊசி போட முடியும் என்று சொன்னாரா?

உங்கள் மகள் என்னிடம் டாக்டர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பத்தாவின் மார்பகப் புற்றுக்கட்டி கீமோவில் சுருங்கியதே, அப்புறம் ஏன் திரும்பி வந்தது என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது, புற்று ஸ்டெம் செல் ஆய்வு.

தன்னையும் புதுப்பித்து, மற்ற செல்களையும் உருவாக்கும் மூலச் செல்தான் ஸ்டெம் செல். கட்டிக்குள் சில செல்கள் அதைப் போல நடந்துகொள்கின்றன. கீமோ குறிவைப்பது வேகமாகப் பெருகும் செல்களை. இவற்றில் பல மெதுவாகப் பெருகுவதால் தப்பித்து, பிறகு கட்டியை மறுபடி வளர்க்கின்றன. 1994-ல் டொரண்டோவில் ஜான் டிக் குழு ரத்தப் புற்றுநோயில் இவற்றைக் காட்டியது. 2003-ல் மார்பகப் புற்றிலும் கண்டார்கள். அவை தனியாக இயங்குவதும் இல்லை. பக்கத்தில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் இணைப்புத் திசு செல்கள் அவற்றுக்கு வளர்ச்சிப் புரதங்களை அனுப்புகின்றன. நம்மைக் காக்க வேண்டிய மேக்ரோபேஜ் எனும் நோய் எதிர்ப்பு செல்களே அவற்றின் பக்கம் சாய்கின்றன. ஆக்சிஜன் குறைந்த மூலையில் சாதாரணப் புற்றுசெல்கூட ஸ்டெம் குணத்துக்கு மாறலாம். புற்று பரவுவதைப் பற்றி எழுதிய லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், விதையோடு மண்ணையும், அதாவது புற்றுசெல்லோடு அது இருக்கும் சூழலையும், பார்க்கச் சொன்னது 1889-ல்!

இந்த ஆய்வுக்குப் போகும் வழி மதுரையிலேயே தொடங்குகிறது. அரசு உதவி பெறும் கல்லூரியில் பிஎஸ்சி விலங்கியல். சுயநிதிப் பிரிவில் சேர்க்காதீர்கள், கட்டணம் பல மடங்கு. பிறகு எம்எஸ்சி உயிரித்தொழில்நுட்பம். நீங்கள் வந்த தேனி ரோட்டிலேயே காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அடுத்து நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை வாங்கினால், முனைவர் பட்ட ஆய்வுக்கு முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் அவள் கைக்கு வரும். அதன் பிறகு 42,000.

மொத்தம் பத்து வருஷம் ஆகும், மறைக்கவில்லை. ‘கல்யாணம் எப்போ’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், ஃபீஸ் கட்டப்போவது அவர்கள் இல்லை.

பிஎஸ்சி இரண்டாம் வருஷத்தில் அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடை ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டும். ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்தால் இது தனக்குப் பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும். பிடிக்கவில்லையா, பிஎட் படித்து ஆசிரியராகலாம். அப்போதும் உங்கள் தலையில் கடன் இருக்காது.