வயதான பெற்றோரை முக்திநாத் அழைத்துப் போகிறோம், நேபாளத்தில் பாதுகாப்புக்கு என்னென்ன கவனிக்க வேண்டும்?

கேள்வியில் அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66, ஊரிலிருந்து ஒரு யாத்திரைக் குழுவோடு போகிறோம், எட்டு நாள் பயணம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கு 67 வயதில் இதே மாதிரி ஒரு குழுவோடு நானும் போய் வந்தேன். அங்கே நடந்ததையும் அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதலில் உயரம். ஊட்டியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் ஏறியிருக்கக்கூடிய உச்சம் அதுதான். முக்திநாத் சுமார் 3,700 மீட்டர், அதாவது தொட்டபெட்டாவுக்கு மேல் இன்னும் ஆயிரம் மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோர ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுதான், 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்ற பக்தியில் கிளம்புகிறோம். ஆனால் அடிவாரத்து நகரமான பொக்ராவில் 800 சொச்சம் மீட்டரில் தூங்கி எழுந்த உடம்பை அதே நாளில் 3,700 மீட்டருக்குக் கொண்டுபோனால் அது திணறத்தான் செய்யும்.

எங்கள் குழுவில் அதைத்தான் செய்தார்கள். காலை விமானத்தில் ஜோம்சோம், அங்கிருந்து ஜீப், மதியத்துக்குள் கோயிலுக்குக் கீழே இருக்கும் ராணிபௌவா என்ற ஊர். ராத்திரி அங்கேயே தங்கி விடியற்காலையில் தரிசனம் என்று திட்டம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா, "தலை கனமா இருக்குடா, காலைல காபி சரியில்லைல்ல, அதான்" என்றார். எட்டு மணிக்குச் சமையல்காரர் ரசம் சாதம் கொண்டுவந்தார். அம்மா அதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார், ஒரு வாய் சாப்பிடவில்லை. பிறகு வாந்தி எடுத்தார்.

போவதற்கு முன் ஒரு மருத்துவ நண்பர் எனக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்திருந்தார். தரையில் நேர்கோடு மாதிரி எதையாவது பார்த்து, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து, அடிமேல் அடியாக நடக்கச் சொல்ல வேண்டும். விடுதி நடைபாதையின் மரப்பலகை இடுக்கில் அம்மாவை நடக்கவிட்டேன். மூன்று அடி சரியாக வைத்தார். நாலாவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். அது வயதின் தள்ளாட்டமா, உயரத்தின் தள்ளாட்டமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது கீழே இறங்குவதுதான் சரி என்று நண்பர் சொல்லியிருந்தார்.

குழு நடத்துபவர், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், காலையில தரிசனம் முடிச்சிட்டு இறங்கிடலாம் சார்" என்றார். குழுவில் இருந்த மூத்தவர் ஒருவரும் அப்படியே சொன்னார். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனாலும் ஒரு ஜீப் பிடித்து அப்போதே ஜோம்சோமுக்கு இறங்கிவிட்டோம். மலைப்பாதையில் இரவில் வண்டி ஏறாதீர்கள் என்று கீழே எழுதப்போகிறேன், அன்று அதை மீறினேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். காலையில் அம்மா தானாகக் காபி கேட்டார். குழு எங்களை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டது. நாங்கள் இரண்டு இரவு ஜோம்சோமில் தங்கி, மூன்றாம் நாள் காலையில் மேலே போய், மூன்று மணி நேரத்தில் தரிசனம் முடித்து இறங்கிவிட்டோம். தலைவலி வரவே இல்லை.

ஆகவே, நீங்கள் செய்ய வேண்டியதில் முக்கியமானது நாள் கணக்கை மாற்றுவது. பொக்ராவுக்கு அடுத்த இரவு ஜோம்சோமிலோ (சுமார் 2,700 மீட்டர்) பக்கத்து ஊரான மார்ஃபாவிலோ தங்குங்கள். முடிந்தால் இரண்டு இரவு. மறுநாள் காலையில் மேலே போய் அன்றே இறங்கிவிடுங்கள், ராணிபௌவாவில் தூங்க வேண்டாம். மலை ஏறுபவர்கள் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. பகலில் எவ்வளவு ஏறினாலும் இரவில் எங்கே படுக்கிறோம் என்பதுதான் கணக்கு.

தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தூக்கமின்மை எல்லாம் லேசான மலை நோயின் அடையாளங்கள். இருந்த இடத்திலேயே ஓய்வெடுக்கலாம், மேலே மட்டும் ஏறக்கூடாது, கூடினால் இறங்க வேண்டும். நேராக நடக்க முடியாமை, பேச்சில் குழப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல் என்று எது வந்தாலும் அது உயிருக்கு ஆபத்து. முதல் இரண்டும் மூளை வீக்கத்தையும் கடைசி இரண்டும் நுரையீரலில் நீர் கோப்பதையும் காட்டக்கூடியவை. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே இறக்க வேண்டும்.

நம் யாத்திரைக் குழுக்களில் பச்சைக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகரச் சொல்வார்கள். மூக்குக்கு இதமாக இருக்கும், ஆனால் அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடாது. கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இவை கையில் இருக்கும் தைரியத்தில் இறங்குவதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அசெட்டசோலமைடு என்ற மாத்திரை (டயாமாக்ஸ் என்றால் மருந்துக்கடையில் தெரியும்) உடம்பு உயரத்துக்குப் பழக உதவும். ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம். அப்பா அம்மா ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டோடு உங்கள் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டே வாங்குங்கள். அங்கே தூக்க மாத்திரை வேண்டாம். இருதயப் பிரச்சினை இருந்தால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள்.

கோயிலில் ஒரு விஷயம். பின்புறச் சுவரில் 108 நீர்த்தாரைகள் வரிசையாகக் கொட்டும். எல்லாவற்றிலும் தலையைக் காட்டிவிட்டு, முன்னால் இருக்கும் இரண்டு குளங்களிலும் முங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் பனி உருகினது மாதிரி இருக்கும், மேலே காற்று வேறு. எங்களுக்கு முன்னால் குளித்த ஒரு பெரியவர் வேட்டி மாற்றக்கூட முடியாமல் கை நடுங்கி நின்றார். இரண்டு பேர் துணி மாற்றிவிட்டுக் கம்பளி சுற்றினார்கள். அம்மா கையால் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். அது போதும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்கு மெதுவாக ஏற அரை மணி ஆகும். குதிரை கிடைக்கும், கூச்சப்படாமல் ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது போக்குவரத்து. ஜோம்சோம் இருக்கும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று கிளம்பிவிடும், மணலை வாரி முகத்தில் அடிக்கும். அதனால் ஜோம்சோமுக்கு விமானம் காலையில் மட்டும்தான். மேகம் இருந்தால் அதுவும் கிடையாது. 2022 மே 29 அன்று இதே பொக்ரா–ஜோம்சோம் வழியில் ஒரு சிறிய விமானம் மலையில் மோதி அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இன்று விமானம் இல்லை என்றால் யாரையும் நெருக்காதீர்கள், ரத்து என்பது நம் நல்லதுக்கு. பொக்ராவிலிருந்து டெல்லி, சென்னை என்று அடுத்தடுத்து டிக்கெட்டை இறுக்கி வைத்திருந்தால்தான் மனசு நெருக்கும். எட்டு நாளைப் பத்தாக்குங்கள். அந்த இரண்டு நாளில் ஒன்றும் நடக்காவிட்டால் பொக்ராவில் ஃபேவா ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கலாம் (படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்).

சாலை வழியாகவும் போகலாம். பொக்ராவிலிருந்து பேனி, தாதோபானி வழியாக ஒரு பகல் முழுக்க ஆகும். உயரம் மெதுவாகக் கூடும் என்பது அதில் ஒரு நன்மை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் அந்தப் பக்கமே வேண்டாம். 2024 ஜூலையில் நேபாளத்தின் இன்னொரு மலைச்சாலையான நாராயண்காட்–முக்லிங் சாலையில் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளை அப்படியே திரிசூலி ஆற்றில் தள்ளியது, அவற்றில் 60க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அது விடியாத நேரம். மலைப்பாதையில் இரவில் வண்டி ஏறாதீர்கள், மழைக்காலத்தில் இரவுப் பேருந்து வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள், மார்ச் முதல் மே வரையும் சரி. அக்டோபரிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2014இல் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுத்ஹுத் புயலின் மிச்சம்தான் இரண்டு நாள் கழித்து முக்திநாத்துக்கு மேலே தோரோங் கணவாய்ப் பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வங்கக்கடலில் புயல் சின்னம் என்று செய்தியில் வந்தால், மலையில் இருக்கும் நீங்களும் அதைக் கவனியுங்கள்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது அசல் வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் (65ஐத் தாண்டியவர்களுக்கும் 15க்குக் கீழ் உள்ளவர்களுக்கும் சலுகை உண்டு, ஆனால் பாஸ்போர்ட் இருந்தால் கேள்வியே வராது). இந்திய 100 ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 160. நூறு ரூபாய்க் கட்டாக எடுத்துப் போங்கள், பெரிய நோட்டை நம்பி மலைக்குப் போகாதீர்கள். மலையில் நேபாள் டெலிகாம் சிம் ஓரளவு எடுக்கும். சுற்றுலாப் போலீஸ் 1144, ஆம்புலன்ஸ் 102. இரண்டையும் பெற்றோர் சட்டைப்பையில், விடுதிப் பெயரோடு, ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள். உள்ளூர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் நாட்டு எல்லையோடு நின்றுவிடும். தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள். அதில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் அடங்குமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டர் ஏற்றிக் காப்பீட்டில் பணம் பறிக்கும் மோசடி அங்கே பெரிதாகி, 2018இல் அரசே விசாரித்தது. ஜீப்பில் இறங்க முடிகிறபோது ஜீப்பே போதும். இறங்க வழியே இல்லை, மூச்சு வாங்குகிறது என்றால் செலவைப் பார்க்காமல் ஹெலிகாப்டரைக் கூப்பிடுங்கள்.

இப்போது உங்கள் குழு நடத்துபவருக்குப் போன் போட்டு, "முதல் ராத்திரி எத்தனை மீட்டரில் படுக்க வைக்கிறீர்கள், ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் ராத்திரியே இறக்க வண்டி நிற்குமா, கூட யார் இறங்குவார்கள்" என்று கேளுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கட்டலாம்.